கவராயம் பொய் சொல்லும்

நாடும் இனமும் இல்லாத ஓர் எழுத்தை வரைய ஆசைப்பட்டார் ஒரு ஜெர்மன் ஓவியர். அவருக்கு வேலை போயிற்று. எழுத்து நிலவு வரை போயிற்று.

நிலவில் அமைதிக் கடல் என்று பெயர் சூட்டப்பட்ட சமவெளியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்று இருக்கிறது. 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய ஈகிள் கலத்தின் ஏணிக் காலில் பொருத்தப்பட்டது அது. மேலே பூமியின் இரண்டு அரைக்கோளங்கள். கீழே மூன்று வீரர்களின் கையெழுத்தும் ஜனாதிபதி நிக்சனின் கையெழுத்தும். நடுவே, மனித குலம் முழுவதற்காகவும் சமாதானத்தோடு வந்தோம் என்று சொல்லும் சில வரிகள்.

அந்த வரிகளின் எழுத்துருவுக்குப் பெயர் ஃப்யூச்சுரா. எதிர்காலம் என்று பொருள்படும் லத்தீன் சொல். அதை வரைந்த பவுல் ரென்னர் அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில் கைது செய்யப்பட்டு, பதவி பறிக்கப்பட்டவர் அவர். தகட்டைச் சுமந்து சென்ற ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுனோ ஹிட்லருக்காக வி-2 ஏவுகணை செய்து கொடுத்தவர். ஒரே நாட்டின் இரண்டு பிள்ளைகள். ஒருவரின் இயந்திரம் மற்றவரின் எழுத்தைத் தூக்கிக்கொண்டு போனது. வரலாறு சில சமயம் நாடகக்காரனைவிடத் துணிச்சலாக முடிச்சுப் போடுகிறது.

எழுத்துருவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சாப்பிடும்போது தட்டைப் பற்றி யோசிக்காத மாதிரிதான். ஆனால் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திறந்து உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் காலடியிலும் சிறு பாதங்கள் முளைத்திருப்பது தெரியும். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். உளியும் இறகுப் பேனாவும் விட்டுச் சென்ற தடயங்கள் அவை. ஃப்யூச்சுராவில் இந்த இரண்டும் கிடையாது. 'ஓ' ஒரு வளையம். 'ஐ' ஒரு குச்சி. 'டைப்' என்ற சொல்லின் முதல் எழுத்து, சிறிய வடிவில், வெறும் சிலுவைக் குறி. சிறிய 'ஜே'வுக்கு வால்கூட வளையாது. ஒரு நேர்க்கோடு, மேலே ஒரு புள்ளி, அவ்வளவுதான். வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய மூன்றை வைத்து ஒரு பள்ளிப் பிள்ளை வரைந்தது போல இருக்கும். அதிலும் அதன் மெல்லிய வகையில் எழுத்துக்குச் சதையே இல்லை, கம்பி மட்டும்தான்.

ஒரே கனமான மெல்லிய கோடு தமிழுக்குப் புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் கோட்டின் கனம் கூடவும் குறையவும் வழியில்லை. ஐரோப்பியனுக்கு அது அதிர்ச்சி. அவன் எழுத்து பேனாவிலிருந்து வந்தது. பேனாவை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் ரென்னர் எடுத்துக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கு ஜெர்மனியில் போடப்பட்டது தற்செயல் அல்ல. பிற ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்துக்கு மாறிப் பல காலம் ஆன பிறகும் ஜெர்மானியர் 'ஃப்ராக்டுர்' என்ற உடைந்த கோட்டெழுத்தை விடவில்லை. கோயில் கதவின் இரும்பு வேலைப்பாடு போலக் கூரும் வளைவுமாக இருக்கும் அது. ஜெர்மன் ஆன்மாவே அந்த எழுத்தில்தான் இருக்கிறது என்றார்கள் ஒரு சாரார். உலகத்தோடு பேச வேண்டுமானால் ரோமன் எழுத்துக்கு வாருங்கள் என்றார்கள் மறு சாரார். 1911ல் நாடாளுமன்றத்திலேயே இது விவாதத்துக்கு வந்தது; எதுவும் மாறவில்லை. எழுத்தைத் தொட்டால் ரத்தம் கொதிப்பது நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைப்பவர்கள் இந்த விவாதத்தை நினைவில் கொள்வது நல்லது.

1878ல் வெர்னிகெரோடே என்ற சிறு நகரில் பிறந்த ரென்னர் புரட்சிக்காரர் அல்ல. ஓவியம் படித்தவர். மியூனிக்கில் ஒரு பதிப்பகத்துக்குப் பழைய முறையில் அழகழகான புத்தகங்கள் வடிவமைத்தவர். ஃப்யூச்சுரா பவுஹவுஸ் கலைப்பள்ளியில் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. அந்தப் பள்ளியில் அவர் படித்ததுமில்லை, பாடம் நடத்தியதுமில்லை. அங்கிருந்த ஹெர்பர்ட் பாயர் 1925ல் இதே பாதையில் ஓர் எழுத்தை வரைந்தார். ஆனால் அது அன்று ஈயத்தில் வார்க்கப்படவே இல்லை. ரென்னரின் எழுத்து வார்க்கப்பட்டது. வேறுபாடு அங்கேதான்.

1924 கோடையில் யாக்கோப் ஹெக்னர் என்ற பதிப்பாளர் அவரைப் பார்க்க வந்தார். நம் காலத்துக்கு என்று ஓர் எழுத்து வேண்டும் என்றார். ரென்னர் வரைந்து அனுப்பினார். ஹெக்னரிடமிருந்து அது மேலே நகரவில்லை. வரைபடங்கள் பிராங்க்ஃபர்ட் நகரின் பவுவர் எழுத்து வார்ப்பகத்துக்குப் போயின. அங்கே கலைப் பொறுப்பில் இருந்தவர் ரென்னரின் பழைய மாணவர் ஹைன்ரிச் யோஸ்ட். முதலாளி கியோர்க் ஹார்ட்மனுக்குப் பிடித்துப்போயிற்று. சோதனை வார்ப்புகள் தொடங்கின.

ஆரம்ப வரைபடங்களில் ரென்னர் கொஞ்சம் கண்மூடித்தனமாகவே நடந்துகொண்டார். சிறிய 'ஆர்' என்றால் ஒரு குச்சி, பக்கத்தில் அந்தரத்தில் ஒரு புள்ளி. சிறிய 'என்'னும் 'எம்'மும் வளைவே இல்லாத சதுரக் கதவு நிலைகள். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தன. படிக்கத்தான் முடியவில்லை. கண் சொல்லைப் பிடிப்பதற்குள் புள்ளி முன்னால் வந்து நின்றது. மூன்று ஆண்டு திருத்தங்களில் இவை ஒவ்வொன்றாக விலகின. சில மட்டும் விரும்பியவர் எடுத்துக்கொள்ளும் மாற்று எழுத்துகளாக வார்ப்பகத்தின் பட்டியலில் கொஞ்ச காலம் தங்கின. 1927ன் இறுதியில் மெல்லியது, நடுத்தரமானது, தடித்தது என மூன்று வகைகளில் ஃப்யூச்சுரா விற்பனைக்கு வந்தது. 'நம் காலத்தின் எழுத்து' என்பது விளம்பர வாசகம்.

அதன் பெரிய எழுத்துகளில் ஒரு பழமை ஒளிந்திருக்கிறது. 'ஈ', 'எஃப்', 'எஸ்' மூன்றும் ஒல்லி. 'ஓ', 'சி', 'ஜி' மூன்றும் அகலம். இந்த அளவு விகிதம் ரென்னர் கண்டுபிடித்ததல்ல. 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியச் சிற்பிகள் கல்வெட்டுகளில் வைத்தது. பெரிய எழுத்து கல்லில் பிறந்தது, சிறிய எழுத்து துறவிகளின் கையெழுத்தில் பிறந்தது. இரண்டும் ஒரே வரியில் உட்காரும்போது ஒன்றுக்கொன்று ஒட்டுவதில்லை என்பது அவருடைய மனக்குறை. கையெழுத்தின் சாய்வையும் இழுப்பையும் சிறிய எழுத்திலிருந்து துடைத்துவிட்டால் இரண்டும் உறவாகிவிடும் என்று நம்பினார். எதிர்காலத்தின் எழுத்துக்கு எலும்பு ரோமாபுரியிலிருந்து வந்தது.

அதைவிட சுவாரசியமானது அதன் வட்டம். ஃப்யூச்சுராவின் 'ஓ'வைக் கவராயத்தால் வரைந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கவராயத்தால் வரைந்த வளையத்தை ஈயத்தில் வார்த்தால் அது வட்டமாகத் தெரியாது. மனிதக் கண்ணின் கோளாறு அது. ஒரே கனத்தில் ஒரு படுக்கைக் கோடும் ஒரு செங்குத்துக் கோடும் போட்டால் படுக்கைக் கோடுதான் தடியாகத் தோன்றும். ஆகவே மேலும் கீழும் கோட்டைக் கொஞ்சம் மெலிக்க வேண்டும். சதுரத்தின் உயரத்துக்கே வட்டத்தையும் வரைந்தால் வட்டம் குள்ளமாகத் தெரியும். ஆகவே அதை வரிக்கு மேலும் கீழும் மயிரிழை தாண்ட விட வேண்டும். கூர்மையான முனை கொண்ட எழுத்துக்கும் அதே சலுகை. வளையமும் தண்டும் சேரும் இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றாகிக் கறுப்பு கட்டிக்கொள்ளும். அங்கே இரண்டையும் ஒல்லியாக்க வேண்டும்.

ரென்னரும் பவுவர் வார்ப்பகத்தின் தொழிலாளர்களும் மூன்று ஆண்டு செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான். வட்டமல்லாத ஒன்றை வட்டம் என்று கண்ணை நம்பவைத்தார்கள். இதே காலத்தில் ஜெர்மனியில் வேறு வார்ப்பகங்களும் வட்டமும் கோடுமான எழுத்துகளை வெளியிட்டன. ஃப்யூச்சுரா அவற்றைத் தாண்டிப் போனதற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத திருத்தங்களே முக்கியக் காரணம் என்று சொல்லலாம். மெல்லிய வகையில் இது இன்னும் கடினம். கனத்த பட்டில் மறைந்துவிடும் பிசிறு மஸ்லினில் மறையாது.

1926ல் மியூனிக்கின் அச்சுத் தொழிற்பள்ளிக்குத் தலைமை ஏற்ற ரென்னர், யான் சிக்கோல்ட் என்ற இளைஞரை ஆசிரியராக வரவழைத்தார். ரென்னருக்கு இல்லாத புரட்சி வேகம் இவருக்கு இருந்தது. நாஜிக் கட்சி அந்த ஊரில்தான் பிறந்து வளர்ந்தது. தட்டைக் கூரை வீடு, பாதமில்லாத எழுத்து, ஜாஸ் இசை எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒரே முத்திரை வைத்திருந்தார்கள்: 'கலாசார போல்ஷெவிசம்'. ரென்னர் அந்த முத்திரையையே தலைப்பாக்கி, பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, 1932ல் ஒரு சிறு நூல் எழுதினார். ஜெர்மனியில் பதிப்பிக்க ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தில் சூரிச்சில் வெளியானது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சில் சிக்கோல்ட் கைதானார். ஏப்ரலில் ரென்னர். அப்போது அவர் மிலானில் நடக்கவிருந்த சர்வதேசக் கண்காட்சிக்கு ஜெர்மன் பகுதியைத் தயாரித்துக்கொண்டிருந்தார். தன் நாட்டின் பெருமையை வெளியூரில் காட்டப் போனவரைத் தன் நாடே பிடித்து உள்ளே வைத்தது. விரைவிலேயே வெளியே விட்டார்கள். பதவி போயிற்று. சிக்கோல்ட் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ரென்னர் நாட்டைவிட்டுப் போகவில்லை. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஒதுங்கி ஓவியம் வரைந்தார், அச்சுக்கலை பற்றி எழுதினார். அந்த ஆண்டுகளில் அவர் 'பல்லாட' என்று ஓர் எழுத்தையும் வரைந்து கொடுத்தார். அது பழைய பாணி உடைந்த கோட்டெழுத்து! வயிற்றுப்பாடா, சமரசமா, அல்லது அந்த வடிவத்தின் மீதும் அவருக்கு உண்மையான பற்று இருந்ததா என்று அவரவர் தீர்ப்பு சொல்லிக்கொள்ளலாம். வீரக் கதைகளில் இப்படிப்பட்ட பக்கங்களை மடித்து வைத்துவிடுவது வழக்கம். மடிக்காமல் படித்தால்தான் ஆள் தெரிவான்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. 1941 ஜனவரி 3ஆம் தேதி ஹிட்லரின் வலக்கரமான மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். உடைந்த கோட்டெழுத்து ஜெர்மன் எழுத்தே அல்ல, யூத எழுத்து; இனி ரோமன் எழுத்துதான் வழக்கமான எழுத்து என்றது அது. யூத எழுத்து என்பது வடிகட்டின பொய். பிடித்த நாடுகளில் தங்கள் உத்தரவுகளை யாராலும் படிக்க முடியவில்லை என்பதுதான் நடைமுறைச் சங்கடம். அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பு எந்த எழுத்தில் அச்சாகியிருந்தது? தடை செய்யப்பட்ட அதே எழுத்தில்.

ஃப்யூச்சுரா இதற்குள் கடல் தாண்டியிருந்தது. பிரான்சில் அதை 'யூரோப்' என்ற பெயரில் விற்றார்கள். அமெரிக்க நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவதைவிட நகல் எடுப்பது மலிவு என்று கண்டுகொண்டு, 'ஸ்பார்ட்டன்', 'ட்வென்டியத் செஞ்சுரி' என்று வேறு பெயர்களில் வார்த்தன. 1930களின் கடைசியில் ஜெர்மன் எழுத்தை வாங்காதீர்கள் என்ற குரல் அமெரிக்க அச்சுத் தொழிலில் எழுந்தபோது ஃப்யூச்சுராவும் அந்தப் பட்டியலில் சிக்கியது. நாஜிகளுக்கு அது அந்நியம். நாஜி எதிர்ப்பாளர்களுக்கு அது நாஜி நாட்டுச் சரக்கு. நாடில்லாத எழுத்து என்ற கனவுக்கு இதைவிடக் கடுமையான பதில் இருக்க முடியாது.

போருக்குப் பின் அதெல்லாம் மறந்துபோனது. 1959ல் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் காரைச் சின்னதாகவே நினையுங்கள் என்று விற்ற புகழ்பெற்ற விளம்பரம் ஃப்யூச்சுராவில்தான் பேசியது. பார்பரா க்ரூகர் சிவப்புப் பட்டையில் சாய்ந்த வெள்ளை எழுத்தாக அதை வைத்து நுகர்வுக் கலாசாரத்தைக் கிண்டல் செய்தார். இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் 2001ல் வந்த 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்தை அதால் நிரப்பினார். ஐக்கியா மரச்சாமான் நிறுவனம் பல ஆண்டுகள் அதன் மாற்று வடிவத்தைப் பயன்படுத்தி, 2009ல் அதைக் கைவிட்டுக் கணினித் திரைக்கென்று பிறந்த 'வெர்டானா'வுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். 2019ல் வெர்டானாவும் போய் 'நோட்டோ' வந்தது. தமிழ், தெலுங்கு உட்பட உலக எழுத்து முறைகள் பலவற்றுக்கும் ஒரே குடும்பமாக உருவானது அது. ஹைதராபாத்தில் கடை திறக்கும் நிறுவனத்துக்கு ரோமன் எழுத்துக்கென்று பிறந்த ஃப்யூச்சுரா எப்படிப் போதும்?

மெல்லிய எழுத்துக்கு உண்மையான சோதனை விளம்பரத்தில் அல்ல, கைபேசியில் வந்தது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனி வார்ப்பு. 6 பாயிண்ட் எழுத்து என்பது 48 பாயிண்ட் எழுத்தைச் சுருக்கியது அல்ல. கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் தடிமனாக, தனியாக வெட்டப்பட்டது. போட்டோ கம்போசிங் வந்தபோதும் பிறகு கணினி வந்தபோதும் ஒரே வரைபடத்தைப் பெருக்கியும் சுருக்கியும் காலம் ஓட்டினார்கள். பெரிய அளவில் நேர்த்தியாக நின்ற கம்பி சிறிய அளவில் நூலாகிவிடுகிறது. அச்சில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டால் மை பரவி அதை விழுங்கிவிடும். திரையில் கோடு ஒரு புள்ளியைவிட மெலிந்தால் கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் ஆகிவிடும்.

2013 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் கைபேசிக்கான தன் புதிய மென்பொருளைச் சோதனைக்கு விட்டபோது, திரை முழுவதும் 'ஹெல்வெட்டிகா நியூ' என்ற எழுத்தின் மெல்லிய வகை. ஃப்யூச்சுரா குடும்பம் அல்ல அது. ஆனால் மோகம் ஒன்றே. படிக்க முடியவில்லை என்று குரல்கள் எழுந்தன. அடுத்த மாதமே சோதனைப் பதிப்பில் எழுத்து தடித்தது. பார்வைக் குறை உள்ளவர்களுக்காகத் தடித்த எழுத்து என்று ஒரு பொத்தானும் வந்தது. கூரிய கண்ணும் விலை உயர்ந்த திரையும் உள்ள இளைஞர்கள் தங்களுக்காகவே வடிவமைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். வெயிலில் நின்றபடி, கீறல் விழுந்த மலிவு விலைக் கைபேசியில் ரயில் டிக்கெட் எண்ணைத் தேடுகிற 60 வயதுக்காரர் அந்த வடிவமைப்பு அறையில் யார் நினைவிலும் இருப்பதில்லை.

இந்த மோகம் இந்தியாவுக்கும் வந்தது, வெறும் இரவலாக அல்ல. 2009ல் தொடங்கிய இந்தியன் டைப் ஃபவுண்டரி 2014ல் 'பாப்பின்ஸ்' என்ற எழுத்துக் குடும்பத்தை கூகுள் வழியாக இலவசமாக வெளியிட்டது. ரோமன் பகுதி ஜானி பின்ஹார்ன் வரைந்தது, தேவநாகரிப் பகுதி நினாத் காலே வரைந்தது. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகள். வட்டமும் கோடுமான இந்தப் பாணியில் தேவநாகரிக்கு இத்தனை எடைகளோடு அதற்குமுன் எழுத்து இருந்ததில்லை. இன்று உலக அளவில் மிக அதிகமாகப் பயன்படும் இலவச எழுத்துகளில் அதுவும் ஒன்று. அதைப் பயன்படுத்தும் எத்தனையோ வெளிநாட்டவருக்கு அதில் இந்தி, மராத்தி எழுத்து இருப்பதே தெரியாது.

தேவநாகரியில் இதைச் செய்வது ரோமனைவிடச் சிக்கல். பம்பாய் நிர்ணய சாகர் அச்சகத்தின் பழைய புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாய்வாக வெட்டிய நாணல் பேனாவின் தடிப்பும் மெலிவும்தான் அந்த எழுத்தின் உயிர். அதை எடுத்துவிட்டு ஒரே கனத்தில் வரைய வேண்டும். எழுத்துகள் எல்லாம் தலைக்கு மேல் ஓடும் கோட்டிலிருந்து தொங்குகின்றன. ஒவ்வொரு தண்டும் அதைத் தொடும் இடத்தில் கறுப்பு கட்டும். கூட்டெழுத்துகளில் முடிச்சுக்குள் முடிச்சு. போதாததற்குத் தேவநாகரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ரோமன் எழுத்தை எந்த உயரத்தில் நிறுத்துவது? பாப்பின்ஸில் தேவநாகரி எழுத்தின் உயரம் ரோமன் சிறிய எழுத்துகளில் மிக உயரமானவற்றின் தண்டுக்குச் சமம். ரோமன் பெரிய எழுத்துகள் அதைவிடக் குட்டை. ஆங்கிலத்துக்குத் தலைவணங்கி இந்தியைச் சுருக்குகிற வழக்கம் இங்கே நடக்கவில்லை.

தமிழுக்கும் இப்போது இந்த ஒல்லி உடம்பு கிடைத்திருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் தமிழுக்கும் ரோமனுக்கும் சேர்த்து வரைந்த 'காட்டமரான்' குடும்பத்திலும் ஒன்பது எடைகள் உண்டு. தமிழில் பிரச்சினை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஞ, ண, ணை போன்ற சுழி எழுத்துகளில் கோடு தடிக்கத் தடிக்க உள்ளே வெள்ளை குறைந்து, கடைசியில் மைக்கட்டியாகிவிடும். மெல்லிய கோட்டில் அவை மூச்சு விடுகின்றன. ஆனால் அதே மெல்லிய எழுத்தைக் கல்யாணப் பத்திரிகையின் முகவரி வரிக்குப் பொன்னிற மையில் போடுகிறவர்கள் மண்டபத்துக்கு ஆள் வர வேண்டாம் என்று நினைக்கிறார்கள் போலும்.

பாப்பின்ஸின் மிக மெல்லிய வகையைக் கைபேசித் திரையில் சிறிய அளவில் வைத்துப் பார்த்தால் தேவநாகரியில் தலைக்கோடு மட்டும் தெரியும். எழுத்துகள் அதில் காயப்போட்ட நூல்களாகத் தொங்கும். அதையே ஒரு சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கி அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தண்டும் வளைவும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் கோடு துளி மெலிந்திருக்கிறது, பிராங்க்ஃபர்ட்டில் ரென்னரின் எழுத்து மெலிந்த அதே இடங்களில்.